பாயிண்ட் கார்டு ஆடியவள் ஊராட்சித் தலைவர் ஆனபோது

பெரியகுளம் பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் கூடைப்பந்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மே மாதம் மாங்காய் லாரிகள் ஓடும் நேரத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப்பின் அகில இந்தியப் போட்டியும் வந்துவிடும். பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பைக்கான அந்தப் போட்டி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. வங்கி அணி, ராணுவ அணி என்று நாட்டின் பல மூலைகளிலிருந்து வருவார்கள். தோட்ட வேலை முடித்து, குளித்துவிட்டு வந்து கேலரியில் உட்காரும் பெரியவருக்கு நடுவர் விசில் ஊதும் முன்பே அது பந்தைத் தட்டாமல் நடந்த டிராவலிங்கா, ஆளை இடித்த ஃபவுலா என்று தெரியும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆட்டங்களைப் பார்த்துத்தான் எனக்குப் பந்துப் பைத்தியம் பிடித்தது.

அரசுப் பள்ளியில் ஆடினேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னைக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் ஆட்டத்தின் புண்ணியம். கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவளாக ஆடினேன், கடைசி வருடம் கேப்டன். பேப்பரில் போட்டோ வந்தது. ஊரில் டீக்கடையில் அதை வெட்டி ஒட்டி வைத்தார்கள். எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு அனிதா பால்துரைதான் முன்மாதிரி. 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன், குழந்தை பிறந்த பிறகும் மைதானத்துக்குத் திரும்பியவர், 2021-ல் பத்மஸ்ரீ. நான் அந்த உயரத்துக்குப் போகவில்லை. மாமா மகனைக் கட்டிக்கொண்டு ஊருக்கே வந்தேன். பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பந்து போட ஆரம்பித்தேன். 2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, ஊர்ப் பெரியவர்களே வீட்டுக்கு வந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன், ஜெயித்தேன்.

கல்லூரி அணியில் ஆடிவிட்டு ஊருக்குத் திரும்பும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, ஊருக்கு ஏதாவது செய்யணும், எங்கே ஆரம்பிக்கிறது?" அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆட்டக்காரி என்ற பெயர் கதவைத் திறந்துவிடும். முதல் கூட்டத்துக்கு ஆள் வருவார்கள், அதிகாரி உட்காரச் சொல்வார், பிள்ளைகள் கையெழுத்துக் கேட்பார்கள். அதெல்லாம் ஒரு சீசன் தாங்கும். அதற்குள் நீங்கள் இல்லாவிட்டாலும் ஓடுகிற மாதிரி ஒன்றை ஊரில் நிறுத்திவிட வேண்டும். என் அனுபவத்தில் மீதி எல்லாம் இதற்குள் அடக்கம்.

முதலில் இடம். ஊரில் காலியாகக் கிடக்கிற இடத்தையெல்லாம் மைதானம் ஆக்கிவிடலாம் என்று தோன்றும். சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போய் 'அ' பதிவேட்டில் அந்த நிலம் என்ன வகை என்று பார்த்துவிட வேண்டும். குளத்துப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு என்றிருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. எத்தனை வருடம் தண்ணீர் வராமல் கிடந்தாலும் அது தண்ணீரின் இடம். நீதிமன்றமும் விடாது, ஒரு நல்ல மழை வந்தால் தண்ணீரும் விடாது. எங்களுக்கு நல்ல வழியாக அமைந்தது பள்ளி வளாகம். சுற்றுச்சுவர் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. தலைமை ஆசிரியரிடம் பேசி, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, காலையும் மாலையும் ஊர்ப் பிள்ளைகளும் ஆடலாம் என்று எழுத்தில் வாங்கினோம். எழுத்தில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தலைமை ஆசிரியர் மாறுதலாகிப் போவார், அடுத்து வருபவருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. வாய்ப்பேச்சில் நடந்த ஏற்பாடு அன்றோடு முடிந்துவிடும்.

முழு மைதானத்துக்கு 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் வேண்டும், அதற்கு வெளியே சுற்றிலும் 2 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் மனசு விட வேண்டாம். மூன்று பேர் அணிக்கு 15-க்கு 11 மீட்டர் இருந்தால் போதும், ஒரே ஒரு ரிங். டோக்கியோவிலிருந்து அது ஒலிம்பிக் ஆட்டம். சின்ன ஊர்களுக்கு அதுதான் சரியான அளவு என்றுகூட நினைக்கிறேன். ஆறு பேர் சேர்ந்தால் ஆட்டம் தொடங்கிவிடலாம்.

தரை போடும் வேலையில் மேஸ்திரியோடு நானும் நின்றேன். அதனால் சில விஷயங்களை உறுதியாகச் சொல்ல முடியும். பல பள்ளிகளில் ரிங் ஒன்பதரை அடியில்தான் இருக்கும். யாரும் அளவு தெரியாமல் செய்ததில்லை. முதலில் கம்பத்தை நட்டு, தரையிலிருந்து பத்தடி அளந்து ரிங்கை மாட்டிவிடுகிறார்கள். பிறகு நிதி வந்து அரை அடிக்கு ஜல்லியும் கான்கிரீட்டும் போட்டதும் தரை மேலே ஏறிவிடுகிறது. அந்த ரிங்கில் பழகிய பிள்ளை மாவட்டப் போட்டிக்குப் போனால் பந்து எல்லாம் ரிங்கின் முன் விளிம்பில் இடித்துத் திரும்பும். என்ன தப்பு என்று அதற்கே புரியாது. தரை முடிந்த பிறகு ரிங்கின் மேல் விளிம்பு வரை 3.05 மீட்டர் அளந்து பாருங்கள். ரிங் மாட்டிய போர்டின் முகம் எல்லைக் கோட்டுக்கு 1.2 மீட்டர் உள்ளே இருக்க வேண்டும், கம்பம் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். ஓடிவந்து ரிங்குக்குப் பக்கத்தில் லே-அப் போட்டு வேகமாகப் போகிற பிள்ளை கம்பத்தில் மோதினால் பல் போய்விடும். கம்பத்துக்குப் பழைய மெத்தையையாவது சுற்றிக் கட்டுங்கள்.

திசையும் முக்கியம். ரிங் இரண்டும் வடக்கு தெற்காக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் மேற்கே மலை மறைக்கும் என்றாலும் ஐந்து மணி வெயில் கண்ணைக் குத்தத்தான் செய்கிறது. தண்ணீர் வடிய ஒரு பக்கமாக நூறு அடிக்கு ஓர் அடி வாட்டம் கொடுத்தோம். கான்கிரீட் போட்ட மறுநாள் மேஸ்திரி பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தச் சொன்னார். இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நிறுத்த வேண்டும். அந்த வேலையைப் பிள்ளைகளே முறை வைத்துச் செய்தார்கள். சிமெண்டை வழுவழுவென்று தேய்த்துவிட்டால் மழை நாளில் வழுக்கும். ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தை ஒரே திசையில் இழுத்துவிட்டால் கால் பிடித்து நிற்கும். சிமெண்ட் தரையில் தோல் பந்து சீக்கிரம் உரிந்துபோகும், தினப் பயிற்சிக்கு ரப்பர் பந்து போதும். சின்னப் பிள்ளைகளுக்கு 5-ஆம் எண், பெண்களுக்கு 6, பையன்களுக்கு 7. ஒரே 7-ஆம் எண் பந்தை வைத்து எட்டு வயதுக் குழந்தையைப் பழக்கினால் இரண்டு கையாலும் தோளிலிருந்து தூக்கி எறியத்தான் கற்றுக்கொள்ளும். பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

பெண் பிள்ளைகளை வரவைப்பதுதான் இதையெல்லாம்விடக் கடினமாக இருந்தது. ஒரு பாட்டி என்னைத் தெருவில் நிறுத்தி, "ஏ தாயி, பொம்பளப் புள்ளய இருட்டுனப்புறம் பந்தாட அனுப்பச் சொல்றியே, நீ வந்து கூட்டிட்டுப் போயி, நீயே கொண்டாந்து விடுவியா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பெண் விடுதலை பற்றிப் பேசிப் பயனில்லை. நேரத்தை மாற்றினோம். பெண்களுக்கு நாலரை முதல் ஆறு மணி வரை, அதற்குப் பிறகுதான் பையன்களுக்கு. ஆறு மணிக்குத் தெருவாரியாகச் சேர்ந்து போவார்கள், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையை வீட்டு வாசல்வரை விட வேண்டும். பாட்டியின் பேத்தி அடுத்த வாரமே வந்துவிட்டாள்.

இன்னொன்று தற்செயலாக அமைந்தது. மகளிர் குழுக் கூட்டம் நடத்த நிழலான இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். மைதானத்தை ஒட்டிய வேப்ப மரத்தடியில் உட்காருங்கள் என்றேன். வாரா வாரம் அம்மாக்கள் கடன் கணக்குப் பார்க்கிறார்கள், பக்கத்திலேயே பிள்ளைகள் ஆடுகிறார்கள். ஷார்ட்ஸ் போடலாமா கூடாதா என்று யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. முதலில் டிராக் பேன்ட், அப்புறம் முழங்கால் வரை, அவரவர் வீட்டு முடிவு. ஒரு நாள் ரிங்குக்குக் கீழே பந்து பிடுங்கும்போது ஒரு பிள்ளைக்கு மூக்கில் அடிபட்டு ரத்தம் வந்தது. அதன் அம்மா முந்தானையால் துடைத்துவிட்டு, "போ, போய் ஆடு, அவங்க ரெண்டு பாயிண்ட் முன்னாடி இருக்காங்க" என்றார். குழுக் கூட்டத்தில் இருந்தபடியே ஸ்கோரை எண்ணியிருக்கிறார்! அதற்குப் பிறகு பெண்கள் அணி நிற்குமா என்ற கவலை எனக்கு வரவில்லை. கழிப்பறையில் தண்ணீரும், பீரோவில் நாப்கினும் எப்போதும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் பெண்கள் அணி கட்ட முயன்று கலைந்துபோன ஊர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்து ஊர்களில் தெரு என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குப் போகும்போது தெருவாரியாகப் போகலாம், அணியை மட்டும் தெருவாரியாகப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் பெரியவர்களின் சண்டையைப் பிள்ளைகள் ஆடித் தீர்ப்பார்கள். எங்கள் பள்ளி ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருப்பது நல்லதாகப் போயிற்று, யாரும் இன்னொருவர் தெருவைக் கடந்து வர வேண்டியதில்லை. தினமும் சீட்டுக் குலுக்கித்தான் அணி பிரிப்போம். தொடக்கத்தில் சில பிள்ளைகள் தங்கள் தெருப் பிள்ளைக்கு மட்டும்தான் பந்தைத் தள்ளினார்கள். கண்டிப்பதை விட்டுவிட்டு ஒரு விதி வைத்தேன். முதல் அரை மணி நேரம் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் டிரிபிள் கிடையாது, பாஸ் மட்டும்தான். ஐந்து பேர் கையிலும் பந்து பட்ட பிறகு போட்டால்தான் கூடை கணக்கில் வரும். கல்லூரியில் எங்கள் கோச் பாஸ் பழக்கத்துக்காக வைத்த பயிற்சிதான் அது. ஊரில் அது வேறு வேலையும் செய்தது. ஜெயிக்க வேண்டும் என்றால் யாரிடம் பந்து கொடுக்க மனமில்லையோ அவரிடமும் கொடுத்தாக வேண்டும். குடிதண்ணீருக்கும் ஒரே குழாய்தான் வைத்தோம். இதில் முகம் சுளித்த வீடுகள் இருந்தன, பிள்ளையை நிறுத்தினவர்களும் உண்டு. சிலர் திரும்ப அனுப்பினார்கள், சிலர் அனுப்பவே இல்லை. அதற்காக விதியைத் தளர்த்தவில்லை. அந்த இடத்தில் விட்டுக்கொடுத்தால் மைதானம் இருந்து என்ன பயன்?

தலைவர் பதவிக்கு வருகிறேன். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, ஆனால் கட்சி இல்லாமல் இல்லை. ஜெயித்த முதல் மாதத்தில் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எல்லாம், "சார் வரலையா மேடம்?" என்று என் வீட்டுக்காரரைத்தான் கேட்டார்கள். பெண் தலைவராக இருந்தால் கணவர்தான் தலைவர் என்பது ஊர் வழக்கமாகிவிட்டது. என் கணவர் நல்ல மனிதர், அலுவலக வாசற்படி ஏற மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். மீதியை நான் பார்த்துக்கொண்டேன். பாயிண்ட் கார்டுக்குச் சத்தம் வேண்டும். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவளுக்கும் கேட்கிற மாதிரி என்ன ஆட்டம் ஆடப்போகிறோம் என்று கத்திச் சொல்லிப் பழகிய தொண்டை இது. கிராம சபையில் மைக் வேலை செய்யாத நாளிலும் வரவு செலவுக் கணக்கை நானே நின்று கடைசி வரிசைக்குக் கேட்க வாசித்தேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று 2022 முதல் வருடத்துக்கு ஆறு கிராம சபை. ஒன்றில்கூட வேறு யாரையும் வாசிக்க விடவில்லை. கேள்வி என்னிடம் வர ஆரம்பித்தது, 'சார்' மறைந்துபோனார்.

ஊராட்சிக் கணக்கில் காசோலைக்குத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் துணைத் தலைவர் தேர்தலில் எனக்கு எதிராக வேலை பார்த்தவர். பல ஊராட்சிகளில் இந்த ஒரு கையெழுத்துக்காக மாதக் கணக்கில் வேலை நிற்கும். ஆட்டத்தில் எனக்குப் பிடிக்காத பிள்ளை ரிங்குக்கு அடியில் காலியாக நின்றால் பந்து அவளுக்குத்தான் போக வேண்டும், அது மாதிரிதான் இதுவும். குடிநீர்க் குழாய் வேலையை அவர் வார்டிலிருந்தே ஆரம்பித்தோம். அங்கேதான் உண்மையிலேயே தட்டுப்பாடும் இருந்தது. பெயர் அவருக்குப் போனது, போகட்டும். அதன் பிறகு எந்தக் காசோலையும் தங்கவில்லை.

மைதானத்துக்கு ஊராட்சிப் பணத்தை அள்ளிப் போட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்படிப் போடவும் முடியாது. 15-வது நிதிக்குழு மானியத்தில் 2021-க்குப் பிறகு 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே வந்தது, சரியான ஏற்பாடுதான். நிலத்தைச் சமன் செய்வது நூறு நாள் வேலைத் திட்டத்தில் நடந்தது, விளையாட்டு மைதானம் அதில் அனுமதிக்கப்பட்ட வேலையாக இருந்தது. தரைக்கு ஊர்க்காரர்களின் பங்கும் வெளியூரில் இருப்பவர்களின் பணமும் சேர்ந்தது. ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது போட்டு, செலவை மைதானச் சுவரிலேயே பெயிண்டில் எழுதிவைத்தோம். விளக்குப் போடுவதற்கு முன்பு மின்கட்டணம் யார் கட்டுவது என்று முடிவு செய்துவிடுங்கள். விளக்கு வாங்கித் தர நிறையப் பேர் வருவார்கள், மாதா மாதம் கரண்ட் பில் கட்ட ஒருவரும் வர மாட்டார்கள். எங்கள் ஊரில் ஆறு மணிக்குப் பிறகு ஆடும் வேலைக்குப் போகிற இளைஞர்கள் மாதச் சந்தா போட்டுக் கட்டுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

2020 ஊரடங்கில்தான் மைதானம் வேறு எதற்கெல்லாம் உதவும் என்று தெரிந்தது. கபசுரக் குடிநீர் கொடுப்பது, தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மாத்திரை வாங்கிப் போவது, ரேஷன் கடையில் இடைவெளி விட்டு நிற்க வைப்பது எல்லாவற்றையும் மூத்த ஆட்டக்காரர்கள் எடுத்துச் செய்தார்கள். எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தினமும் சீட்டுக் குலுக்கி ஒன்றாக ஆடிய பிள்ளைகள் எந்தத் தெருவுக்குள்ளும் தயங்காமல் போனார்கள், கதவைத் திறந்தவர்களும் தயங்கவில்லை. மாங்காய் வெட்டி வைத்துவிட்டு லாரி கிடைக்காமல் தவித்தவர்களுக்கு வண்டி அனுமதி வாங்கக் கூட வந்ததும் இந்தப் பிள்ளைகள்தான்.

ஆடுகிற பிள்ளைகளின் காகிதங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரிச் சேர்க்கையிலும் இருக்கிறது, ரயில்வே, வங்கி வேலைகளும் உண்டு. திறமை இருந்தும் காகிதம் இல்லாமல் இவை கைவிட்டுப் போகின்றன. ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிச் சான்றிதழில் வேறு எழுத்து, இன்ஷியல் முன்னாலா பின்னாலா என்ற குழப்பம். இதையெல்லாம் எட்டாம் வகுப்பிலேயே சரி செய்துவிட வேண்டும், 14 வயதுக்கு உட்பட்டோர் போட்டியிலேயே வயதுச் சான்று கேட்பார்கள். போட்டி முடிந்ததும் கொடுக்கும் அழகான சான்றிதழ் வேறு, மத்திய அரசு வேலைக்குக் கேட்கும் படிவம் வேறு. மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவர்களுக்கு 2-ஆம் படிவம், பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர்களுக்கு 3, தேசியப் பள்ளி விளையாட்டுகளுக்கு 4. ஆடிய வருடத்திலேயே உரிய அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பத்து வருடம் கழித்துப் போனால் அந்த அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார், பதிவேடு எந்த அறையில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். எங்கள் மைதான பீரோவில் பிள்ளைக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கிறது. பந்துக்கும் ஷூவுக்கும் முன்னால் அந்த ஃபைலைத்தான் வாங்கினோம்.

2025 ஜனவரியில் எங்கள் பதவிக் காலம் முடிந்து ஊராட்சிக்குத் தனி அலுவலர் வந்துவிட்டார். அதற்கு முந்தைய வருடமே மைதானச் சாவியை என் வீட்டிலிருந்து எடுத்துவிட்டேன். ஒன்று பள்ளியில், ஒன்று மகளிர் குழுவிடம், ஒன்று மூத்த பெண் ஆட்டக்காரியிடம். அவள் இப்போது உடற்கல்வி படித்துவிட்டுச் சின்னப் பிள்ளைகளைப் பழக்குகிறாள். நான் வாரத்தில் சில நாள் போய் ஃப்ரீ த்ரோ மட்டும் பார்க்கிறேன், அதுவும் அவள் கூப்பிட்டால்தான். வெளியூர் அணிகளை அழைத்துப் பெண்களுக்கு ஒரு மூன்று பேர் போட்டி நடத்த வேண்டும் என்கிறாள். வருகிற பிள்ளைகளை எங்கே தங்க வைப்பது, ராத்திரிச் சாப்பாடு எந்தத் தெரு பொறுப்பு என்பதில் குழுவில் இன்னும் இழுபறி. போன கூட்டத்தில் நான் சொன்ன யோசனையை ஓட்டுக்கு விட்டுத் தள்ளிவிட்டார்கள். வீடு வீடாக இரண்டு பேரைத் தங்க வைக்கலாம், எந்த வீடு என்பதையும் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்யலாம் என்று அவர்களே தீர்மானித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு சீட்டு எழுதிப் போட்டிருக்கிறேன்.